ஒரே காற்று, மூன்று எண்கள்: நுண்துகள் அளவீட்டில் ஆய்வகங்கள் பிரியும் இடங்கள்

1. கேள்வி

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 நவம்பரில் அறிவித்த தேசியக் காற்றுத் தர வரம்புகளில் பிஎம் 2.5 நுண்துகளுக்கு இரண்டு எண்கள் தரப்பட்டுள்ளன. ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராம். செய்தித்தாள்களும் நீதிமன்றங்களும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது இந்த எண்களைத்தான். அதே அட்டவணையின் கடைசிப் பத்தியை எடுத்துக்காட்டுவோர் குறைவு. அளக்கும் முறைகள் அங்கே குறிக்கப்பட்டுள்ளன: வடிதாளில் துகளைச் சேர்த்துத் தராசில் நிறுக்கும் எடைமுறை, அதிரும் கூம்புக் குழாயின் அதிர்வெண் குறைவதைக் கொண்டு எடையறியும் டியோம் கருவி, துகள் படிந்த நாடாவின் ஊடே செல்லும் பீட்டா கதிர் எவ்வளவு தணிகிறது என்று பார்க்கும் முறை. வரம்பு ஒன்று, முறைகள் மூன்று. மூன்றும் சமம் என்பதே அட்டவணை சொல்லாமல் சொல்லும் செய்தி.

அந்தச் சமத்துவம் உண்மைதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரே காற்றை வெவ்வேறு முறைகளில், வெவ்வேறு ஆய்வகங்களில் அளந்தால் ஒரே எண் வருமா? வராவிட்டால் அந்த வேறுபாட்டைப் பிழை என்று கொள்வதா, வேறு பொருளை அளந்ததன் விளைவு என்று கொள்வதா? கடந்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் இதற்குச் சுவையான, ஓரளவு சங்கடமான விடைகளைத் தந்திருக்கின்றன. அவற்றை முதலில் பார்த்துவிட்டு இந்திய நிலைமைக்கு வருவோம்.

2. பொருளும் முறையும்

கந்தக டையாக்சைடை எடுத்துக்கொண்டால், அது ஒரு மூலக்கூறு. எந்த முறையில் அளந்தாலும் அளக்கப்படும் பொருள் ஒன்றே. தூய வாயுவை உருளையில் அடைத்து ஆய்வகங்களுக்கு அனுப்பி, யார் சரி, யார் தவறு என்று முடிவுசெய்துவிடலாம். நுண்துகளுக்கு இந்த வசதி கிடையாது. பிஎம் 2.5 என்பது ஒரு வேதிப்பொருளின் பெயரன்று. புகைக்கரி, சல்பேட், நைட்ரேட், மண்தூள், கடலுப்பு, நீர், நூற்றுக்கணக்கான கரிமச் சேர்மங்கள் ஆகியவை கலந்த கூட்டத்தில் ஒரு குறிப்பிட்ட நுழைவாயைக் கடந்து வந்தவற்றின் எடை அது. 2.5 மைக்ரோமீட்டர் என்ற எண்கூட அங்கே சுவர் எழுப்புவதில்லை. காற்றில் அந்த விட்டமுள்ள நீர்த்துளி விழும் வேகத்தில் விழக்கூடிய துகள்களில் பாதி உள்ளே நுழையும், பாதி தடுக்கப்படும். அந்தப் பாதிப்புள்ளியைத்தான் 2.5 குறிக்கிறது. அதைவிடப் பெரிய துகள்களில் சிலவும் உள்ளே போகும். சிறியவற்றில் சிலவும் வெளியே நிற்கும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997இல் பிஎம் 2.5க்கு வரம்பு வகுத்தபோது இந்தச் சிக்கலை ஒளிவுமறைவின்றி எதிர்கொண்டது. துகள் இன்னது என்று வரையறுப்பதற்குப் பதிலாகக் கருவியை வரையறுத்தது: நுழைவாயின் வடிவம், நிமிடத்துக்கு 16.67 லிட்டர் காற்றோட்டம், 24 மணி நேரச் சேகரிப்பு, டெஃப்லான் வடிதாள், அதை நிறுக்கும் அறையின் வெப்பமும் ஈரப்பதமும். இவற்றின்படி செய்தால் கிடைக்கும் எண்ணே பிஎம் 2.5. இந்த வரையறைக்கு வெளியே நின்று அந்த எண்ணைச் சரிபார்க்க வழியில்லை. ஊருக்கு ஒரு படி இருந்த காலத்தில் நெல்லின் அளவு படியைப் பொறுத்திருந்ததைப் போன்ற நிலைதான் இது. ஒரு வேறுபாடு உண்டு: நெல்லைத் தராசில் இட்டுத் தகராறைத் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே தராசும் தகராறின் ஒரு பகுதி.

இதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு போதும். அமெரிக்க விதிகளின்படி பிஎம் 10 அளவு 25 பாகை செல்சியசுக்கும் கடல்மட்ட அழுத்தத்துக்கும் மாற்றிச் சொல்லப்படும்; பிஎம் 2.5 அளவு அங்கே நிலவும் வெப்ப அழுத்தத்திலேயே சொல்லப்படும். சென்னையில் இதனால் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டியது. அங்கே ஒரே வடிதாளின் எடையை இரண்டு விதிகளின்படியும் கணக்கிட்டால் இரண்டு எண்களுக்கும் இடையே ஏறத்தாழக் கால் பங்கு வேறுபாடு வரும். தாள், தராசு, அதில் படிந்த துகள் எல்லாம் ஒன்றே. காற்றின் பருமனை எந்த நிலையில் எண்ணுவது என்ற ஏற்பாடு மட்டுமே வேறு.

3. எடைபோடும் அறை

எடைமுறையே எல்லா நாடுகளிலும் மூலமுறை. மற்றவை அதற்குச் சமமென்று நிறுவப்பட வேண்டியவை. ஆகவே ஆய்வகங்களின் ஒத்திசைவை முதலில் இங்கேதான் சோதிக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 16.67 லிட்டர் வீதம் ஒரு நாளில் 24 கன மீட்டர் காற்று தாளைக் கடக்கிறது. காற்றில் 60 மைக்ரோகிராம் இருந்தால் தாளில் சேர்வது 1,440 மைக்ரோகிராம், அதாவது ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு. அமெரிக்கா 2024இல் அறிவித்த புதிய ஆண்டு வரம்பான 9 மைக்ரோகிராம் நிலையில் அது 216 மைக்ரோகிராமாகச் சுருங்கும். வடிதாளின் சொந்த எடை நூறு மில்லிகிராமைத் தாண்டும். பெரிய எடை ஒன்றிலிருந்து இன்னொரு பெரிய எடையைக் கழித்துச் சின்னஞ்சிறு மிச்சத்தைக் கண்டுபிடிக்கும் வேலை இது. இந்த அளவில் டெஃப்லான் தாளில் தேங்கும் நிலைமின்னூட்டமே தராசை ஏமாற்றும். அதை நீக்கப் பொலோனியம் கதிர்ப்பட்டைகளுக்கு நடுவே தாளை வைத்தெடுப்பது இத்தகைய ஆய்வகங்களில் அன்றாட வழக்கம். காற்றுப்படாத வெறுந்தாளை வெளியே கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துப் பார்ப்பதும் அதே எச்சரிக்கையால்தான்.

இவற்றைவிடத் தீராத சிக்கல் நீர். கடலுப்பும் அம்மோனியம் சல்பேட்டும் ஈரத்தை உறிஞ்சும் உப்புகள். 25 பாகையில் கடலுப்பு சுமார் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் அம்மோனியம் சல்பேட் சுமார் 80 விழுக்காட்டிலும் கரைந்து துளியாகின்றன. ஆனால் ஈரம் குறையும்போது அதே புள்ளியில் உலர்வதில்லை. கடலுப்பு 45 விழுக்காட்டை ஒட்டியும் சல்பேட் 35 விழுக்காட்டை ஒட்டியும் இறங்கிய பிறகே படிகமாகும். இடைப்பட்ட எல்லையில் துகளுக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. ஈரமான காற்றிலிருந்து வந்த தாள் நீரைச் சுமந்திருக்கும். உலர்ந்த காற்றிலிருந்து வந்தது சுமந்திருக்காது. இந்தப் பின்னணியில் விதிநூல்களைத் திறந்தால் அமெரிக்க முறை தாளை 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதத்திலும், ஐரோப்பாவின் 2014ஆம் ஆண்டு நெறி 45 முதல் 50 விழுக்காட்டிலும் பதப்படுத்தச் சொல்கின்றன. ஒன்று கடலுப்பு உலரும் புள்ளிக்குக் கீழே. மற்றொன்று அதன் மேலே. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர நகரத்தின் தாளை இரு பாதியாக வெட்டி இரு கண்டங்களுக்கும் அனுப்பினால், இரு ஆய்வகங்களும் தத்தம் விதியை அணுவளவும் மீறாமல் இருவேறு எடைகளைச் சொல்ல இடமுண்டு. இரண்டில் எதையும் தவறென்று சொல்ல முடியாது.

இவ்வளவு இருந்தும், ஒரே விதிநூலைப் பின்பற்றும் ஆய்வகங்கள் எடைமுறையில் நன்றாகவே ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க வலையமைப்பு மொத்தச் சிதறலை 10 விழுக்காட்டுக்குள்ளும் சாய்வைக் கூட்டியோ குறைத்தோ 10 விழுக்காட்டுக்குள்ளும் வைத்திருக்க இலக்கு வகுத்துக்கொண்டது. ஐரோப்பிய நெறியில், அருகருகே நிற்கும் இரண்டு மூலமுறைக் கருவிகள் தமக்குள் கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் விலகக் கூடாது. இவை எட்டக்கூடிய இலக்குகளே. சிக்கல் தொடங்குவது விதிநூல் மாறும் இடத்திலும், தாளை விட்டுத் தானியங்கிக் கருவிக்குப் போகும் இடத்திலும்.

4. லண்டனிலிருந்து ஒரு பாடம்

1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டத்தை அளந்த முறை எடைமுறை அன்று. வெள்ளைத் தாளின் ஊடே காற்றை இழுத்து, படிந்த கறையின் கருமையை ஒளிமானியால் அளந்து, ஒரு வளைகோட்டின் துணையோடு அதை மைக்ரோகிராமாக மாற்றினார்கள். வளைகோடு நிலக்கரிப் புகைக்கென வரையப்பட்டது. வீட்டு அடுப்புகளில் நிலக்கரி குறைந்து தெருக்களில் டீசல் வண்டிகள் பெருகியபோது, கறையின் கருமைக்கும் எடைக்கும் இருந்த உறவு மாறியது, வளைகோடு மாறவில்லை. ஐரோப்பிய சமூகம் 1980இல் வெளியிட்ட நெறியாணை, கறைமுறைக்கு ஓர் அட்டவணையும் எடைமுறைக்கு வேறோர் அட்டவணையும் தந்து, உறுப்பு நாடுகள் தேர்ந்துகொள்ள விட்டது. முறைக்கொரு வரம்பு வேண்டியிருக்கிறது என்பதை அது மறைக்கவில்லை. அந்த வகையில் நம் 2009 அட்டவணையைவிட அது நேர்மையானது என்று கருதுகிறேன்.

1990களில் பிரிட்டனின் தானியங்கி வலையமைப்பு டியோம் கருவிக்கு மாறியது. மணிக்கு மணி எண் தரும் கருவி. தாள் மாற்ற ஆள் வேண்டாம். ஈரத்தின் குறுக்கீட்டைத் தவிர்க்க உள்ளே வரும் காற்றை அது 50 பாகைக்குச் சூடாக்கியது. நீர் போனது. அதோடு அம்மோனியம் நைட்ரேட்டும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் போயின. நைட்ரேட் மிகுந்த குளிர்கால நாள்களில் டியோமின் எண் எடைமுறையின் எண்ணைவிடத் தெளிவாகக் குறைந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் பணிக்குழு ஓர் இடைக்கால வழி சொன்னது: நாடுகள் தாமாக ஆய்ந்து ஒரு திருத்தக் காரணியைக் கண்டுபிடிக்கும் வரை டியோம் எண்ணை 1.3ஆல் பெருக்கிக்கொள்ளலாம். பிரிட்டன் அப்படியே செய்தது.

1.3 என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தொலைவது நைட்ரேட். நைட்ரேட் நாளுக்கு நாள் மாறும். கோடையில் ஏறக்குறைய இல்லாமலே போகும். வயல்களிலிருந்து அம்மோனியா எழும் வசந்தத்தில் உயரும். மாறும் இழப்பை மாறாத எண்ணால் ஈடுகட்டினால் சில நாள்களில் இல்லாத மாசு சேரும், வேறு சில நாள்களில் இருக்கும் மாசு மறையும். ஆண்டுச் சராசரி ஒருவேளை சரியாகத் தோன்றலாம். ஆனால் ஓராண்டில் எத்தனை நாள் வரம்பு மீறப்பட்டது என்று எண்ணும் சட்டத்துக்கு அந்த ஆறுதல் உதவாது. 2006இல் வெளியான பிரிட்டனின் சமநிலை ஆய்வு, கருவிகளை எடைமுறையோடு அருகருகே நிறுத்திச் சோதித்து, 1.3ஆல் பெருக்கிய டியோம் சட்டம் கேட்கும் தகுதியை எட்டவில்லை என்று முடிவுசெய்தது. ஆவியாகும் பகுதியைத் தனியே அளந்து சேர்த்துக்கொள்ளும் புதிய வகைக் கருவி தேறியது. பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் நுட்பமான ஒரு வழி கண்டார்கள். நைட்ரேட் ஓர் ஊரோடு நிற்பதில்லை, வட்டாரம் முழுவதும் பரவுவது. ஆகவே புதிய கருவி உள்ள சில நிலையங்களில் அன்றன்று அளக்கப்படும் ஆவியிழப்பைக் கொண்டு சுற்றுவட்டாரத்தின் பழைய டியோம் எண்களையும் திருத்தலாம். மாறாத பெருக்கெண்ணின் இடத்தில் நாளுக்கு நாள் மாறும் திருத்தம் வந்தது.

பிரான்சில் இந்தக் கதை இன்னும் வெளிச்சமாக நடந்தது. ஆவியாகும் பகுதியைச் சேர்த்துக்கொள்ளாமல் எண்களை வெளியிட்டுவந்த அந்நாடு, 2007 தொடக்கத்தில் திருத்திய எண்களுக்கு மாறியது. அவ்வாண்டு பிஎம் 10 அளவுகள் ஒரே தாவலில் உயர்ந்தன. வண்டிகள் கூடவில்லை, ஆலைகள் கூடவில்லை. 2006க்கும் 2007க்கும் இடையே கோடு கிழிக்காமல் பிரெஞ்சு எண்களின் போக்கை வரையும் எவரும் நடக்காத ஒரு மாசுப் பெருக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

5. இரு உண்மைகள் உள்ள சான்றிதழ்

மொத்த எடையை விட்டு, துகளில் என்ன இருக்கிறது என்று கேட்கும்போது ஆய்வகங்களின் விலகல் இன்னும் கூர்மையாகிறது. அதன் உச்சம் தனிமக் கார்பன், அதாவது புகைக்கரியின் கருங்கூறு.

முறை இதுதான். குவார்ட்ஸ் இழைத்தாளில் ஒரு சிறு துண்டை வெட்டி உலையில் வைக்கிறார்கள். முதலில் ஹீலியம் வாயுவில் படிப்படியாகச் சூடேற்றினால் கரிமச் சேர்மங்கள் ஆவியாகி வெளியேறும். இந்தக் கார்பனைச் சேர்மக் கார்பன் என்போம். பிறகு சிறிது ஆக்சிஜன் கலந்து மேலும் சூடேற்றினால் மிஞ்சிய கருங்கரி எரியும். அது தனிமக் கார்பன். ஆனால் ஆக்சிஜனில்லாச் சூட்டில் சேர்மங்களில் ஒரு பகுதி ஆவியாகாமல் தாளிலேயே கருகிக் கரியாகிவிடுகிறது. முதலிலிருந்த கரி எது, உலையில் உண்டான கரி எது? இதைப் பிரிக்கத் தாளின் மேல் சிவப்பு லேசர் ஒளி பாய்ச்சுகிறார்கள். கருகும்போது தாள் இருளும். ஆக்சிஜன் வந்த பின் வெளுக்கும். தொடக்க நிறத்துக்குத் திரும்பும் கணமே எல்லைக்கோடு. அதற்கு முன் வந்த கார்பன் எல்லாம் சேர்மக் கணக்கில், பின் வந்தது தனிமக் கணக்கில்.

தேர்வுகள் இரண்டு. ஹீலியத்தில் எவ்வளவு வெப்பம் வரை போவது? ஒளி தாளில் பட்டுத் திரும்புவதைப் பார்ப்பதா, ஊடுருவிச் செல்வதைப் பார்ப்பதா? அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் தெளிவுப்பார்வையைக் காக்க அமைந்த இம்ப்ரூவ் வலையமைப்பு 550 பாகையில் நின்று, திரும்பும் ஒளியைப் பார்த்தது. சுரங்கங்களின் டீசல் புகைக்காகத் தொழில்நல நிறுவனமான நியாஷ் வகுத்த முறையின் வழிவந்தது 870 பாகை வரை போய், ஊடுருவும் ஒளியைப் பார்த்தது. உலையில் உண்டாகும் கரி தாளின் ஆழத்திலும் படிவதால், மேற்பரப்பை மட்டும் காணும் ஒளியும் தாளைத் துளைத்துச் செல்லும் ஒளியும் எல்லைக்கோட்டை ஒரே இடத்தில் போடுவதில்லை. ஜூடித் சௌவும் உடனாய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஒப்பீட்டில், மொத்தக் கார்பனில் இரு முறைகளும் ஒத்துப்போயின. தனிமக் கார்பனில் நியாஷ் முறை தந்தது இம்ப்ரூவ் தந்ததில் பாதிக்கும் குறைவு. அதே ஆண்டு வெளியான பன்னாட்டுச் சுற்றுச் சோதனையும் இதையே வேறு விதமாகக் காட்டியது. பல ஆய்வகங்களுக்கு ஒரே தாளின் துண்டுகள் அனுப்பப்பட்டன. மொத்தக் கார்பனில் அவற்றின் சிதறல் 10 விழுக்காட்டுக்குள் நின்றது. தனிமக் கார்பனில் 40 விழுக்காட்டை ஒட்டிச் சென்றது.

இந்த விலகலின் வடிவமே நமக்குச் செய்தி சொல்கிறது. மொத்தம் ஒத்துப்போவதால் கார்பன் அளவி குற்றமற்றது. பிரச்சினை பங்கு பிரிப்பதில். அதாவது ஆய்வகங்கள் திறமையில் வேறுபடவில்லை. எல்லைக்கோடு எங்கே என்ற முடிவில் வேறுபடுகின்றன.

அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் இந்த நிலைமைக்கு ஓர் அசாதாரணமான பதில் தந்தது. வாஷிங்டனில் 1976, 77 ஆண்டுகளில் சேகரித்துப் பாதுகாத்த நகரத் தூசியின் நுண்பகுதியைக் குவார்ட்ஸ் தாள்களில் படியவைத்து, ஆய்வகங்கள் தம்மைச் சரிபார்த்துக்கொள்ளும் மாதிரிப்பொருளாக வழங்கியது. அதன் சான்றிதழில் மொத்தக் கார்பனுக்கு ஓர் எண் இருக்கிறது. தனிமக் கார்பனுக்கு இம்ப்ரூவ் முறைப்படி ஒன்று, நியாஷ் வழிமுறைப்படி ஒன்று என இரண்டு எண்கள் இருக்கின்றன. முன்னது பின்னதைப் போல் இரு மடங்குக்கும் மேல். அளவையியலில் உண்மை மதிப்பைச் சொல்லும் அதிகாரமுள்ள ஓர் அமைப்பு, ஒரே தூசிக்கு இரண்டு மதிப்புகளை அருகருகே அச்சிட்டது. இதைத் தோல்வி என்று சிலர் பார்க்கலாம். முறையைச் சொல்லாமல் மதிப்பைச் சொல்ல முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எழுதிக்காட்டிய ஆவணம் இத்துறையில் வேறில்லை என்பது என் எண்ணம்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. இத்தாலியின் இஸ்ப்ராவிலுள்ள ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஃபாப்ரிசியா கவாலியும் உடனாய்வாளர்களும் 2010இல் யூசார் என்னும் இடைவழி வெப்ப அட்டவணையை முன்வைத்தார்கள். ஹீலியத்தில் 650 பாகை, ஊடுருவும் ஒளி. 2017இல் அதுவே ஐரோப்பிய நெறியானது. ஒரே அட்டவணை எல்லாருக்கும் வந்த பிறகு விலகல் குறைந்தது, மறையவில்லை. காரணம் எளியது. உலையின் வெப்பமானி தாளின் பக்கத்தில் இருக்கிறது, தாளில் இல்லை. திரையில் 650 என்று காட்டும்போது தாள் அதைவிடச் சில பத்துப் பாகை கூடவோ குறையவோ இருக்கலாம், அதுவும் கருவிக்குக் கருவி. இம்ப்ரூவ் வலையமைப்பு இதே உண்மையை முன்பே கண்டுகொண்டது. பழைய கருவிகளை மாற்றப் போனபோது, அவற்றில் தாள் பட்ட வெப்பம் குறித்துவைத்ததைவிட 20 முதல் 40 பாகை வரை அதிகமாக இருந்தது தெரியவந்தது. புதிய கருவியில் பழைய விதியைப் பின்பற்றினால் பழைய எண்கள் வராது. ஆகவே விதியில் வெப்பநிலைகளை உயர்த்தி எழுதி, 550ஐ 580 ஆக்கி, எண்களின் தொடர்ச்சியைக் காத்தார்கள். நீண்டகால அளவீட்டை நடத்துவோருக்கு இது இயல்பான முடிவு. அறிவியல் விதி கருவியைக் கட்டுப்படுத்துகிறது என்று நம்பியிருப்பவர்களுக்குத்தான் இது புதிராக இருக்கும்.

6. சுற்றுச் சோதனை எதைச் சோதிக்கிறது?

ஆய்வகத் தகுதிச் சோதனைகள் பொதுவாக இப்படி நடக்கும். ஒரே மாதிரி பலருக்கும் போகும், விடைகள் திரும்பும், அவற்றின் பொது மதிப்பிலிருந்து ஒவ்வோர் ஆய்வகமும் எவ்வளவு விலகியது என்று மதிப்பெண் போடப்படும். அந்த மதிப்பெண் 2க்குள் இருந்தால் நன்று, 3ஐத் தாண்டினால் தவறு. இந்த மதிப்பெண் முறையில் இரண்டு குறைகள் எனக்குத் தெரிகின்றன.

பொது மதிப்பு என்பது பெரும்பான்மையின் மதிப்பு. பங்கேற்பாளர்களில் பெரும்பாலோர் ஒரே நிறுவனத்தின் கருவியை ஒரே அட்டவணையில் இயக்கினால், அந்தக் கருவியின் சாய்வே பொது மதிப்பாகிவிடும். வேறு கருவி வைத்திருப்பவர் சரியாகச் செய்தும் மோசமான மதிப்பெண் பெறுவார்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. தபாலில் வரும் தாள் சோதிப்பது ஆய்வகத்துக்குள் நடப்பதை மட்டுமே. கூரைமேல் நிற்கும் நுழைவாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து பாதிப்புள்ளி நகர்ந்ததா, காற்றோட்டம் குறைந்ததா, மே மாதப் பிற்பகலில் தாள்பெட்டி வண்டிக்குள் கிடந்து நைட்ரேட் ஆவியானதா என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணுக்கு வெளியே நிற்பவை. பிழையின் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. இதற்கு மாற்று, கருவிகளை அருகருகே நிறுத்திக் காற்றையே பங்கிட்டு அளப்பது. அமெரிக்க முகமை தன் சொந்தக் கருவியை மாநில நிலையங்களின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து அவ்வப்போது ஒப்பிடுகிறது. இஸ்ப்ரா மையமும் தன் நடமாடும் ஆய்வகத்தை உறுப்பு நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. செலவு அதிகம், காலம் அதிகம். அதனால்தான் தபால் சோதனைகள் பெருகுகின்றன, பக்கநிறுத்தச் சோதனைகள் அரிதாகின்றன.

எல்லாமே ஏற்பாடுதான் என்றால் எந்த ஏற்பாடும் போதுமே என்று ஒருவர் வாதிடலாம். போதாது. நுண்துகளுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பை நிறுவிய 1993ஆம் ஆண்டின் ஆறு நகர ஆய்வு, குறிப்பிட்ட வகைச் சேகரிப்பான்களில் குறிப்பிட்ட முறையில் பெறப்பட்ட எடைகளின் மேல் நிற்கிறது. அத்தகைய ஆய்வுகளிலிருந்து வந்த ஆபத்துக் கணக்கை, நைட்ரேட்டை ஆவியாக்கிவிடும் கருவியின் எண்ணோடு பெருக்கினால் வரும் விடைக்குப் பொருளில்லை. முறை ஓர் ஏற்பாடாக இருக்கலாம். உடல்நல அறிவு அந்த ஏற்பாட்டோடு பிணைக்கப்பட்டுவிட்டது.

7. நம் அட்டவணைக்குத் திரும்பினால்

இந்தியாவின் தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டம் பல ஆண்டுகள் கைமுறை நிலையங்களை நம்பியிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 அளவீடுகள். பிஎம் 10க்குப் பயன்பட்ட பெரிய சேகரிப்பான் நிமிடத்துக்குச் சுமார் 1.1 கன மீட்டர் காற்றை இழுக்கும். காற்றில் 100 மைக்ரோகிராம் இருந்தால் ஒரு நாளில் தாளில் 150 மில்லிகிராமுக்கு மேல் சேரும். ஆகவே மைக்ரோகிராம் தராசின் தலைவலி அங்கே இல்லை. அங்குள்ள சிக்கல்கள் வேறு. துகள் ஏற ஏறக் காற்றோட்டம் தளரும். கண்ணாடி இழைத்தாள் உதிரும். அதன் காரத்தன்மை கந்தக டையாக்சைடை ஈர்த்துச் சல்பேட்டாக்கி இல்லாத எடையைச் சேர்க்கும். இவற்றோடு இப்போது தானியங்கி நிலையங்கள் சேர்ந்திருக்கின்றன; அவற்றில் பீட்டா கதிர்க் கருவிகள் மிகுதி. உள்வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைப்பது அவற்றிலும் உண்டு.

சூட்டில் என்ன இழக்கப்படும் என்பது ஊரைப் பொறுத்தது. டெல்லியின் குளிர்காலத் துகளில் குளோரைடின் பங்கு பெரிது என்று சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அம்மோனியம் குளோரைடும் நைட்ரேட்டைப் போலவே எளிதில் ஆவியாவது. சென்னையின் துகளில் கடலுப்புக்கும் சல்பேட்டுக்கும் இடம் அதிகம். அவை 50 பாகையில் ஆவியாகா, ஆனால் நீரைப் பிடித்துவைக்கும். ஆகவே ஒரே கருவி டெல்லியில் எடைமுறையைவிடக் குறைவாகவும் சென்னையில் கூடுதலாகவும் காட்டினால் வியப்பதற்கில்லை. லண்டனின் 1.3 லண்டனுக்கே பொருந்தாதபோது, நாடு முழுமைக்கும் ஒரு திருத்தக் காரணி என்ற பேச்சுக்கே இடமில்லை. கருவிகளுக்குச் சான்றளிக்கும் பொறுப்பு 2019இல் டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு வழங்கப்பட்டது நல்ல தொடக்கம். டெல்லியில் பெறும் சான்று சென்னைக் காற்றுக்கும் செல்லுமா என்ற கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது.

பொது வழிமுறையின் பயன் இந்தியா அறியாததன்று. சென்னை உட்பட ஆறு நகரங்களில் மாசின் மூலங்களைப் பங்கிட்டுக் காட்டிய, 2010இல் முடிந்த ஆய்வுக்கு முன்பே, எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய பொது நெறிமுறை ஒன்றை மத்திய வாரியம் வகுத்தது. சென்னைப் பகுதியை ஐஐடி செய்தது. அவ்வாறு முன்னேற்பாடு இல்லாத பிற்கால ஆய்வுகளில், வண்டிப்புகையின் பங்கு இத்தனை விழுக்காடு என்று இருவர் இருவேறு எண் சொல்லும்போது, விவாதம் உடனே அரசியலுக்குத் தாவுகிறது. தனிமக் கார்பனை எந்த அட்டவணைப்படி பிரித்தீர்கள் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. வண்டிப்புகையின் முதன்மை அடையாளம் தனிமக் கார்பன். அது முறைக்கு முறை இரு மடங்கு மாறக்கூடியது என்பதை மேலே பார்த்தோம்.

2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம், 2017ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 2024க்குள் துகள் மாசை 20 முதல் 30 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தது. பின்னர் இலக்கு 2025–26க்குள் 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை அதிலுள்ள தமிழக நகரங்கள். ஐரோப்பாவின் 2008ஆம் ஆண்டு நெறியாணை துகள் அளவீட்டில் பொறுத்துக்கொண்ட ஐயப்பாடு 25 விழுக்காடு. முதல் இலக்கும் இந்த ஐயப்பாடும் ஏறத்தாழ ஒரே பருமன். இதைக் கண்டு இலக்கே வீண் என்று முடிவுகட்டுவது தவறு: ஒரே கருவி, ஒரே இடம், ஒரே முறை என்று தொடர்ந்தால் அதன் சாய்வு இரு ஆண்டுகளிலும் ஒரே அளவில் இருக்கும், விகிதத்தில் பெரும்பாலும் கழிந்துபோகும். கழியாமல் நிற்பது முறை நடுவே மாறும்போதுதான். ஒரு பேச்சுக்கு, அடிப்படை ஆண்டில் கைமுறைக் கருவி 100 என்று காட்டியது. பிற்பாடு அங்கே வந்த தானியங்கிக் கருவி அதே காற்றை 85 என்று காட்டும் இயல்புடையது என்று கொள்வோம். ஒரு வண்டியும் குறையாமலே 15 விழுக்காடு சாதனை கணக்கில் ஏறிவிடும். எதிர்த்திசையிலும் இது நடக்கலாம். உண்மையாகவே குறைந்த ஊர் குறையாததாகத் தெரியும்.

இதைத் தவிர்க்கத் தேவைப்படுவது புதிய கருவியன்று. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு நிலையத்திலாவது பழைய முறையும் புதிய முறையும் ஒரே கூரையில் ஓராண்டு சேர்ந்து ஓட வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் போகி நாளின் புகையும் மே மாத வெயிலும் அந்த ஒப்பீட்டுக்குள் வர வேண்டும். வெளியிடும் ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் முறை, காற்றுப்பருமனை எண்ணிய வெப்ப அழுத்த நிலை, தாளைப் பதப்படுத்திய ஈரப்பதம், கார்பன் எண் என்றால் வெப்ப அட்டவணை ஆகிய நான்கு குறிப்புகள் இருக்க வேண்டும். நிறுத்த தாள்களில் ஒரு பகுதியைக் குளிரறையில் வைத்திருந்தால் பத்தாண்டு கழித்து முறை மாறும்போது பழைய தாளில் புதிய முறையைச் சோதிக்கலாம். வாஷிங்டன் தூசி அப்படித்தான் பிற்காலத்தவருக்குப் பயன்பட்டது. சென்னையில் கைமுறை நிலையங்களும் தானியங்கி நிலையங்களும் இப்போதே இருக்கின்றன. ஒன்றை மற்றதன் கூரைக்கு நகர்த்துவது மட்டுமே பாக்கி.